ரேவல்சின்னி குடித்த நாட்கள்

முரசுமோட்டையில் எங்களுக்குக் காணி கிடைத்த இரண்டாம் வருட மாரியில் என் மூத்த மகள் பிறந்தாள். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்தில் அண்ணன் தம்பிகள் பங்கு பிரிக்க ஒரு பரப்பு நிலம்கூட மிஞ்சாத நிலையில், குளத்துத் தண்ணீர் பாயும் வயல் தருகிறார்கள் என்று நம்பி வந்த குடும்பங்களில் நாங்களும் ஒன்று. வந்த இடத்தில் வயலைவிடக் காடுதான் அதிகம் இருந்தது. மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக ஒரு வீடு. பாதி வெட்டிய கிணறு. மழை தொடங்கினால் வாசலுக்கும் வயலுக்கும் வித்தியாசம் தெரியாது.

எனக்கு அப்போது இருபது வயது. என் தாய் நான் சிறுமியாக இருந்தபோதே இறந்துவிட்டதால், பிள்ளைப்பேறு பார்க்க என் கணவரின் அக்கா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தார். நான் அவரை மச்சாள் என்று கூப்பிடுவேன். அவருக்குப் பிள்ளை இல்லை. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. எப்போதாவதுதான் ஊருக்கு வருவார். மச்சாள் வந்த அன்றே குசினியைக் கழுவி, அடுப்பை மாற்றிப் போட்டு, என்னைப் பாயை விட்டு எழும்ப விடாமல் எல்லாவற்றையும் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவரைப் பற்றி இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு அவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. என் வாழ்நாளில் என்னை அவ்வளவு அக்கறையாகப் பார்த்த பெண் வேறு இல்லை.

பிள்ளை பிறந்து சில கிழமைக்குப் பிறகும் எனக்கு வயிறு சரியாகப் போகவில்லை. கல்லாக இறுகிக் கிடந்தது. சோற்றைப் பார்த்தாலே ஓங்காளம். மச்சாள் தன் பெட்டியிலிருந்து மூடி இறுகிய ஒரு சின்னத் தகரப்பேணியை எடுத்தார். உள்ளே துணியில் சுற்றிய கிழங்குத் துண்டுகள். வெளியே மண்ணிறம், உடைத்த பக்கம் மஞ்சள், அதற்குள் சாதிக்காயை வெட்டினாற்போலச் சிவந்த வரிகள்.

"இது ரேவல்சின்னி" என்றார். "யாழ்ப்பாணத்திலை மருந்துக் கடையிலை கேட்டு வாங்கின நல்ல கிழங்கு. வயித்தை முறிக்காமல் இளக்கும். கண்ணை மூடிக்கொண்டு குடி பிள்ளை."

கல்லில் தண்ணீர் விட்டு உரைத்து, வெந்நீரில் கலக்கி, ஒவ்வொரு பின்னேரமும் தந்தார். கசப்பைவிட எனக்குப் பிடிக்காதது அந்த நெறுநெறுப்புத்தான். எவ்வளவு நன்றாக உரைத்தாலும் பல்லுக்கிடையில் மண் அரைபடுவது போல இருக்கும். ஈரச் சாக்கை நெருப்பில் வாட்டியது போல ஒரு மணம். துப்பினால் எச்சில் மஞ்சளாக விழும். சிறுநீரும் மஞ்சளாகப் போக, செங்கமாரி என்கிற காமாலை வந்துவிட்டதோ என்று பயந்தேன். மச்சாள் சிரித்தார்.

"கிழங்கின்ரை நிறம் விசரி. அது போகும்."

எனக்கு வயிறு இளகியது. ஆனால் இரண்டு மூன்று நாளில் பிள்ளைக்கு வயிற்றாலே போகத் தொடங்கியது. முதலில் சாதாரணமாக எடுத்தோம். பிறகு தண்ணீராக, மஞ்சளாக, துணி மாற்ற மாற்றப் போனது. பால் குடித்த சற்று நேரத்தில் கால்களை வயிற்றோடு மடக்கிக்கொண்டு வீரிடுவாள். கன்னம் வற்றி, உச்சிக்குழி உள்ளே இறங்கிவிட்டது. மச்சாள் நாவூறு கழித்தார்; திருநீறு பூசினார்; அரைநாண் மாற்றிக் கட்டினார். எதுவும் பலிக்கவில்லை. பிள்ளை இளைக்க இளைக்க நான் அடிக்கடி பால் கொடுத்தேன். அது ஒன்றுதான் என்னிடம் கொடுக்க இருந்தது.

வண்டில் கட்டிப் போகும் தூரத்தில் ஒரு அரசாங்க டிஸ்பென்சரி இருந்தது. சேறும் தண்ணீருமான பாதையில் என் கணவர் மாட்டை ஓட்ட, சாக்கால் மூடியபடி பிள்ளையோடு நானும் மச்சாளும் போனோம். அங்கே நோய் பார்த்து மருந்து தருகிற அப்போதிக்கரி மெலிந்த மனிதர், பொறுமையாகப் பேசுவார். காய்ச்சல்காரர் மர வாங்கிலிலும் தரையிலும் நிறைந்திருந்தார்கள்.

"பிள்ளைக்கு என்ன மருந்து குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

"ஒண்டும் குடுக்கேல்லை ஐயா. தாய்ப்பால் மட்டுந்தான்" என்றார் மச்சாள்.

"தாய் என்ன சாப்பிடுறா?"

"பத்தியச் சாப்பாடுதான்."

கிழங்கை மறைக்க வேண்டும் என்று மச்சாள் நினைக்கவில்லை. சுக்கு, மிளகு, திப்பிலி போல அதுவும் அவருக்குப் பத்தியத்தில் ஒன்று. அப்போதிக்கரியும் அதற்குமேல் தோண்டவில்லை.

"நாட்டு மருந்து ஏதும் குடுக்கிறதெண்டால் நிப்பாட்டிப் போடுங்கோ" என்று மட்டும் சொன்னார்.

"ஓம் ஐயா. தாய்க்கும் வயிறு இறுகிப்போய்க் கிடந்தது. அதுக்கும் ஏதேனும் தாங்கோ."

பிள்ளைக்கு ஒரு தூளும், நாங்கள் கொண்டுபோன போத்தலில் எனக்கு ஒரு கபில நிற மருந்தும் தந்தார். அடியில் வண்டல் படிந்திருந்தது. குலுக்கிக் குடிக்கச் சொன்னார்.

மச்சாள் சொல் தவறாதவர். வீட்டுக்கு வந்ததும் தகரப்பேணியை மூடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டார். நான் போத்தல் மருந்தைக் குடித்தேன். முதலில் பெப்பர்மின்ற் வாசம் வந்தது. விழுங்கிய பிறகு, நாக்கின் அடியில் அதே கசப்பு. பல்லுக்கிடையில் அதே மண்.

"மச்சாள், இது அந்தக் கிழங்குதான்" என்றேன்.

"விசர்க் கதை கதையாதை பிள்ளை. நாட்டு மருந்தை நிப்பாட்டச் சொல்லிப்போட்டு அவர் அதையே தருவாரே? இது இங்கிலீசு மருந்து."

என் கணவரைப் பார்த்தேன். அவர் மழையில் நனைந்த களைப்போடு சுவரில் சாய்ந்திருந்தார்.

"உமக்குக் குடிக்க மனமில்லை. அதுக்கு ஒரு சாட்டு" என்றார். "பிள்ளை கிடக்கிற கிடையைப் பாரும்."

படித்தவர் கொடுத்த மருந்து. என் நாக்கு சொல்வதை வைத்து வழக்காட முடியாது. குடித்தேன். பிள்ளைக்கு நிற்கவில்லை.

அந்தப் போத்தல் முடிவதற்குள் மச்சாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். கிழங்கை நிறுத்தியாயிற்று. இங்கிலீசு மருந்தும் கொடுத்தாயிற்று. இன்னும் நிற்கவில்லை என்றால் மிஞ்சியிருப்பது தாய்ப்பால் ஒன்றுதான்.

"பிள்ளை, நான் சொல்லுறன் எண்டு கோவியாதை. உன்ரை பால் இதுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. சில பேருக்கு அப்பிடித்தான். உன்னிலை பிழை இல்லை."

அன்றே பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார். ஆட்டுப்பாலில் தண்ணீர் கலந்து காய்ச்சி, பஞ்சில் நனைத்துப் பருக்கினார். என் பால் வற்ற வேண்டும் என்று, அயலில் கேட்டு வாங்கிய மல்லிகைப் பூவை மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டினார். மார்பு கல்லாகி, காய்ச்சல் காய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழுதால் துணி நனைந்துவிடும். நான் வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தேன். மல்லிகை மணம் இன்றும் எனக்கு ஆகாது. கோயிலில் யாராவது தலைநிறையப் பூவோடு பக்கத்தில் நின்றால் நகர்ந்துவிடுவேன்.

பிள்ளை தேறினாள். அதுதான் எல்லாவற்றையும் முடித்து வைத்தது. இரண்டு நாளில் வயிற்றாலே போவது நின்றது. கண் திறந்து பார்த்தாள். ஒரு கிழமையில் கன்னம் நிரம்பியது. சந்தோஷப்பட வேண்டிய தாய் நான். சந்தோஷப்பட்டேன்தான். ஆனால் அவள் தேறத் தேற, என்னுடைய பால் நஞ்சு என்பது ஊருக்கு உறுதியாகிக்கொண்டே போனது.

மழை விட்டதும் மச்சாள் யாழ்ப்பாணம் திரும்ப வேண்டியிருந்தது. நாங்கள் இருந்த வன்னியில் நுளம்பு, காய்ச்சல், ஆட்டுப்பாலுக்கும் அலைச்சல். அவர் வீட்டில் கறவை மாடு நின்றது. "கொஞ்சம் தேறினவுடனை கொண்டுவந்து விடுறன்" என்றார். என் கணவர் தலையாட்டினார். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அப்போது நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன். என் மகளுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை என்று நானும் நம்பிவிட்டேன்.

வீட்டில் பிள்ளை கிடந்த ஏணை வெறுமையாகத் தொங்கியது. அயலில் ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தபோது பார்க்கப் போனேன். கை நீட்டியதும் அந்தத் தாய், "இப்பதான் நித்திரை கொண்டவன் அக்கா" என்று பிள்ளையை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். பிள்ளை கண்ணை விழித்து என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு பிள்ளை பிறந்த வீடுகளுக்கு நான் போவதில்லை.

பொங்கலுக்கும் நல்லூர்த் திருவிழாவுக்கும் யாழ்ப்பாணம் போய் மகளைப் பார்த்து வருவேன். ஒவ்வொரு முறையும் கேட்டபோது மச்சாள் ஒரு காரணம் சொன்னார். பல் முளைக்கிறது, சளி பிடித்திருக்கிறது, நடை பழகட்டும். பொய்க் காரணங்கள் இல்லை. ஒரு நாள் முற்றத்தில் பிள்ளை தத்தித் தத்தி நடந்து மச்சாளின் சேலையைப் பிடித்து "அம்மா" என்றாள். மச்சாள் என்னைப் பார்க்காமல், "மாமி வந்திருக்கிறா, மாமியிட்டைப் போங்கோ" என்றார். அந்த வீட்டில் அவர் அம்மா என்றால் அவருடைய தம்பி மனைவி மாமிதானே. முறை சரியாகத்தான் இருந்தது.

இரண்டு வருடத்துக்குப் பிறகு எனக்கு நெஞ்சு எரிவும் வயிற்று உப்புசமும் வந்து அதே டிஸ்பென்சரிக்குப் போனேன். அதே அப்போதிக்கரி. அதே கபில மருந்து. போத்தல் வாயில் மூக்கை வைத்ததும் அதே ஈரச் சாக்கு மணம் வந்தது.

"ஐயா, இதிலை என்ன கலந்திருக்கு?"

"ஏன் கேக்கிறீர்?"

"அறியத்தான் ஐயா."

"சோடா, இஞ்சி, பெப்பர்மின்ற், றூபாப்."

"றூபாப் எண்டால்?"

"அது ஒரு கிழங்கு. சீனாப் பக்கத்துச் சாமான்."

சனம் குறைந்த நேரம். மனிதருக்குக் கதைக்க விருப்பம் வந்துவிட்டது. தட்டிலிருந்து ஒரு ஜாடியை எடுத்துத் திறந்து காட்டினார். மஞ்சள் தூள். தொட்டு நாக்கில் வைக்கவே தேவையில்லை, ஆனாலும் வைத்தேன்; அதே கசப்பு, அதே மண். அவர் சொல்லிக்கொண்டே போனார்: வெள்ளைக்காரருக்கு இது மருந்து மட்டுமில்லை, இந்தச் செடியின் இனத்தில் ஒன்றின் தண்டைச் சீனி போட்டு அவித்துத் தின்பார்களாம், நுவரெலியாவில் துரைமாரின் தோட்டங்களில் நிற்கிறதாம், தண்டு சாப்பாடு, இலை நஞ்சாம்.

பிற்காலத்தில், அறுபதுகளில், கதிர்காமம் போய்த் திரும்பும் வழியில் நுவரெலியாச் சந்தையில் அதைக் கண்டேன். குளிரில் விறைத்துக்கொண்டு நின்ற ஒரு மனிதன், கட்டுக் கட்டாகச் சிவந்த தண்டுகளை அடுக்கி வைத்திருந்தான். பேரைக் கேட்டேன். றூபாப் என்றான். ஒரு தண்டு வாங்கிக் கடித்தேன். புளியங்காயைவிடப் புளிப்பு. கசப்பு இல்லை, மண் இல்லை. இவ்வளவு பேருக்குச் சாப்பாடாக இருக்கிற ஒன்று எனக்கு மட்டும் அப்படி வந்து சேர்ந்ததே என்று நினைத்தேன். கூட வந்தவர்கள் பஸ்ஸிலிருந்து கூப்பிட்டார்கள். மிச்சத்தை அங்கேயே போட்டுவிட்டு ஏறினேன்.

டிஸ்பென்சரியில் அன்று நான் சொன்னேன்: "எங்கடை ஆக்கள் இதை ரேவல்சின்னி எண்டு சொல்லுறவை ஐயா."

"அப்பிடியோ? தமிழ்ப் பேர் எனக்குத் தெரியாது."

"பால் குடுக்கிற தாய் இதைக் குடிச்சால் பிள்ளைக்கு ஏதும் செய்யுமோ?"

"செய்யும். பாலிலை இறங்கும், பிள்ளைக்கு வயித்தாலை போகும். பால் குடுக்கிற ஆக்களுக்கு நாங்கள் இதைக்..." அவர் நிறுத்தினார். என் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தார். "உமக்கு நான் குடுத்தனானோ?"

"ஓம் ஐயா. அதுக்கு முதல் வீட்டிலையும் கிழங்கு குடிச்சனான்."

ஜாடியை மூடி, எடுத்த இடத்திலேயே வைத்தார்.

"பிள்ளை?"

"இருக்கிறாள் ஐயா."

"கடவுளே" என்று மட்டும் சொன்னார். பிறகு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நான் அந்தப் போத்தலை வாங்கிலிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

என் கணவர் வரம்பு கட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்குக்கூடப் போகாமல் வயலிலேயே சொன்னேன். மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"அப்ப உம்மடை பாலிலை பிழை இல்லை."

"நான் அண்டைக்கே சொன்னனான்."

"ஓம். சொன்னீர்." மண்வெட்டியால் வரம்பைத் தட்டினார். "இஞ்சேரும், இனி இதைப் போய்ச் சொல்லி என்ன செய்யிறது? தான் குடுத்த கிழங்காலைதான் எண்டு தெரிஞ்சால் அக்கா தாங்கமாட்டா. பிள்ளையைத் தன்ரை உயிராய் வைச்சிருக்கிறா."

"எனக்கு என்ரை பிள்ளை வேணும்."

"நான் வரமாட்டன்."

"வரவேண்டாம். நான் போறன்."

அடுத்த நாள் விடிய, பரந்தன் சந்திக்கு நடந்துபோய் பஸ் ஏறினேன். ஆனையிறவில் உப்பு வெளியில் வெயில் பட்டுக் கண் கூசியது. என்ன சொல்வது என்று வழிநெடுக வார்த்தைகளை அடுக்கினேன். மச்சாளின் முற்றத்தில் கால் வைத்ததும் ஒன்றும் நினைவில் இல்லை. அவர் பிள்ளைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை திடீரெண்டு? தம்பிக்கு ஏதுமோ?"

"இல்லை மச்சாள்." நின்றபடியே சொன்னேன். டிஸ்பென்சரியில் கேட்டதை, பார்த்த தூளை, நாக்கில் வைத்ததை. குற்றம் சொல்லும் குரல் வரக்கூடாது என்று நினைத்தேன். வந்ததோ வரவில்லையோ தெரியாது.

சீப்பு பிள்ளையின் தலையிலேயே நின்றது.

"ரெண்டும் ஒண்டோ?"

"ஓம்."

"அப்ப நான்தான் தந்திருக்கிறன்."

"அப்போதிக்கரியும் தந்தவர் மச்சாள்."

"முதல் தந்தது நான்." சீப்பில் சிக்கிய முடியை எடுத்தார். "உன்ரை மாரைக் கட்டினதும் நான்."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பிள்ளையின் தலையைப் பின்னி முடித்தார். உள்ளே போய்ச் சட்டைகளை எடுத்து மடித்து ஒரு பையில் வைத்தார். பால் கொடுக்கும் கிண்ணத்தைத் துணியில் சுற்றி மேலே வைத்தார். எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும் வரை அறைக்குள் இருந்து வரவில்லை. பஸ் நிறுத்தம்வரை வந்து, "மாமியோடை போட்டு வாங்கோ" என்று பிள்ளையை என் கையில் தந்தார். அவள் சந்தோஷமாக வந்தாள். பஸ் அசைந்து, மச்சாள் ஏறவில்லை என்று கண்டபோதுதான் கத்தத் தொடங்கினாள். பஸ்ஸில் இருந்த ஒரு கிழவர், "ஆற்றை பிள்ளை?" என்று கேட்டார். என்னுடைய பிள்ளை என்றேன். அவர் நம்பவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது.

முரசுமோட்டையில் அவள் பல நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒவ்வொரு பின்னேரமும் வாசல் படலையடியில் போய் நிற்பாள். தூக்கினால் உடம்பை விறைத்துக்கொள்வாள். "மாமி, அம்மா எப்ப வருவா?" என்று கேட்பாள். நான்தான் அம்மா என்று சொன்னால், பிழை விட்டவரைப் பார்ப்பது போல என்னைப் பார்ப்பாள். என் கணவர் அந்த நாட்களில் இருட்டின பிறகுதான் வீட்டுக்கு வருவார். பிள்ளையை மச்சாள் எடுத்துக்கொண்டபோது எனக்கு என்ன நடந்ததோ, அதையே நான் இரண்டு பேருக்குச் செய்துவிட்டேனோ என்று நினைப்பேன். ஆனால் திருப்பிக் கொண்டுபோய் விடவும் என்னால் முடியவில்லை.

அடுத்த வருடம் மகன் பிறந்தான். பேறு பார்க்க மச்சாளைக் கேட்டு ஆள் விட்டோம். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார். மகனுக்கு நானே பால் கொடுத்தேன். கொழுகொழுவென்று வளர்ந்தான். அயல் பெண்கள் வந்து பார்த்து, "நல்ல பால்" என்றார்கள். அதைக் கேட்டு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. பக்கத்தில் என் மகள் நின்று, தம்பி குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு முறை அவளும் கிட்ட வந்து என் தோளில் முகத்தை வைத்தாள். அவளை அணைத்துக்கொண்டேன். அவன் பேசத் தொடங்கி "அம்மா" என்று கூப்பிட, அவளும் அப்படியே கூப்பிடத் தொடங்கினாள். எந்த நாளில் என்று எனக்கு நினைவில்லை.

மச்சாள் பிறகு ஒரே ஒரு முறை வந்தார். சூடடித்து நெல் வீட்டுக்கு வந்திருந்த நாட்கள். மகளுக்குச் சட்டை, பிஸ்கற், ஒரு மரப் பொம்மை கொண்டுவந்திருந்தார். மெலிந்து போயிருந்தார். ஊரில் அவரிடம் பிள்ளைகளுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களை இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறாராம். யாழ்ப்பாணம் போய் வந்த என் கணவர் பிறகு சொன்னார். மகள் அவரைக் கண்டதும் என் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

"ஆரம்மா இவா?"

நான் பதில் சொல்வதற்குள் மச்சாளே குனிந்து சொன்னார்: "அப்பாவின்ரை அக்கா குஞ்சு."

பொம்மையை வாங்கிக்கொண்டு அவள் தம்பியிடம் ஓடிவிட்டாள். மச்சாள் அவள் போன பக்கம் பார்க்கவில்லை. என்னிடம் நெல் எத்தனை மூட்டை கண்டது என்று விசாரித்தார். சோற்றை அளைந்துவிட்டுக் கையைக் கழுவினார். இரண்டு நாள் நில்லுங்கோ என்று கெஞ்சினேன்.

"இல்லைப் பிள்ளை. மாடு தனிய நிக்குது."

என் கணவர் புது அரிசியில் ஒரு பை கட்டி, அதைச் சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு அக்காவோடு சந்திவரை நடந்தார். இருவரும் ஏதும் கதைத்தார்களா என்று தெரியாது. திரும்பி வந்தவர் சைக்கிளைச் சாத்திவிட்டு, நான் போட்டு வைத்த சோற்றைத் தொடாமல், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அறுவடை முடிந்த வயலுக்குப் போனார். அங்கே செய்ய ஒரு வேலையும் இருக்கவில்லை.